இடது ஓரம்

பெரிய கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. ஓட்டம் பதினொன்று ஐந்துக்கு. தாரிணி சைக்கிளை உருளைகளின் மேல் ஏற்றி, தடுப்புக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி மிதிக்கத் தொடங்கினாள். மூன்று உருளைகளும் அடியில் சுழன்றன. சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடியது. பிறகு கையை விட்டாள். உருளையில் ஓடும்போது நேரே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. கண் போகும் பக்கம் சைக்கிளும் போகும், போனால் விழ வேண்டியதுதான். நேரே ஒரு குப்பைத்தொட்டி, அதன் விளிம்பில் யாரோ எறிந்த வாழைப்பழத் தோல். அந்தத் தோலையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். அடிலெய்டில் இந்த உள்ளரங்குக்கு அவள் வந்து பதின்மூன்று வருடம். சுற்றிவர மரப்பலகைத் தடம், ஒரு சுற்று இருநூற்றைம்பது மீட்டர், வளைவுகளில் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். நடுவில் இந்தத் தரை, இங்கேதான் எல்லோரும் உடம்பைச் சூடாக்குவது, வாந்தி எடுப்பது, அழுவது. வலது பக்கம் அணித்தோழி ஹோலி. ஹோலியைத் திரும்பாமலே பார்க்க முடிகிறது, பச்சைச் சட்டை, ஏறி இறங்கும் முழங்கால். இடது பக்கம் மார்னி, அவளும் அணியில் ஒருத்தி. மார்னி இருக்கிறாள் என்று தெரியும், ஏனென்றால் அவளுடைய உருளை கீச்கீச்சென்கிறது, எண்ணெய் போட வேண்டிய சத்தம். சத்தம் மட்டும்தான். ஆள் இல்லை. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டுக்கூட இல்லை, இருட்டென்றால் தெரியுமே, அங்கே ஒன்றுமே இல்லை, முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாதது போல. இருபது மாதமாக அப்படித்தான். இருபது மாதமாக யாருக்கும் சொல்லவில்லை. நாற்பது நிமிடம், இப்போது முப்பத்தெட்டு.

செவ்வாய்க்கிழமையை நினைக்கக் கூடாது. மிதி. மூச்சை எண்ணு. நால்வர் ஓட்டம் பார்ப்பவர்களுக்கு நாலு நிமிட அழகு, நான்கு பேர் ஒரே உடம்பாகப் போவது. முன்னால் போகிறவள் காற்றைக் கிழிக்கிறாள், மற்ற மூன்று பேரும் அவள் மறைப்பில் பதுங்கி வருகிறார்கள். பதினாறு சுற்று. முன்னால் போகிறவள் களைத்ததும் வளைவில் மேலேறி ஒதுங்குவாள், மூன்று பேரும் அவளுக்குக் கீழால் கடந்து போவார்கள், கடைசி ஆளின் பின்சில்லு கடந்த அந்தக் கணத்தில் இவள் இடது பக்கம் இறங்கி அதன் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு சாண் கூட இராது. மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். இந்தச் சைக்கிள்களில் பிரேக் கிடையாது. ஆக, எல்லாமே அந்த இடது பக்கம்தான். அவள் தலையைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பப் பழகியிருந்தாள். திருப்பினால் காற்று தலைக்கவசத்தில் மோதும், நேரம் போகும், அதனால் திருப்பாமல் எண்ணவும் பழகியிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, இறங்கு. ஒன்றரை வருடம் அந்த எண்ணிக்கை பிழைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றில் இறங்கியபோது மார்னி இன்னும் அங்கேயே இருந்தாள். தாரிணி பார்க்கவில்லை. கேட்டாள், ஒரு சின்ன "ஹே!", அடிபடப் போகும் பிராணியின் சத்தம். மார்னி தடத்தின் அடியிலுள்ள நீலப் பட்டைக்குள் பாய்ந்து, தடுமாறி, எப்படியோ விழாமல் நிமிர்ந்தாள். எதிர்ப்பக்கம் நின்ற பிரெண்டனுக்கு, அவர்தான் பயிற்சியாளர், மார்னி ஆடியது மட்டும்தான் தெரிந்தது. பிறகு மார்னியே வந்தாள், வெளுத்த முகம், இருபத்திரண்டு வயது, "மன்னித்துக்கொள் டேரி, நான் மெதுவாகிவிட்டேன் போல" என்றாள். தாரிணி அங்கே எல்லோருக்கும் டேரி. பிரெண்டன் அவளிடம் உரக்கவே சொன்னார், எல்லோர் காதிலும் விழ: "இன்னொரு தடவை இப்படி நடந்தால் உன் இடத்தில் ஹோலி." தாரிணி இரண்டடி தள்ளி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். போத்தல் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து முப்பத்தொன்று. பெல்ஜியத்தில் அன்றைக்கு மழை. மழை என்று சொல்ல முடியாது, காற்றிலேயே தண்ணீர் இருந்தது. வீதியோட்டத்தில் அவள் ஒருநாளும் பெரிய ஆளில்லை. தலைவிக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுப்பவள், சட்டைக்குள் ஆறு போத்தலைச் செருகிக்கொண்டு கர்ப்பிணி மாதிரி கூட்டத்துக்குள் நுழைபவள், தலைவியின் சில்லு பழுதானால் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீதியோரம் நிற்பவள். ஒரே ஒரு நாள், இத்தாலியில் ஒரு மலையூருக்குப் போன ஓட்டத்தில், முந்திப் போன அவளை யாரும் துரத்தாமல் விட்டுவிட, நாற்பது கிலோமீட்டர் தனியே ஓடி வென்றாள். மேடையில் ஒலிபெருக்கிக்காரன் அவள் பெயரைப் பார்த்துத் திகைத்து, கடைசியில் "ஆஸ்திரேலியா!" என்று மட்டும் கத்தினான். அவ்வளவுதான் வீதி அவளுக்குக் கொடுத்தது. மற்றதெல்லாம் எடுத்தது. பெல்ஜியத்தில் கல்பாவிய இறக்கத்தில் முன்னால் யாரோ வழுக்க, அறுபது பேர் ஒருவர் மேல் ஒருவர். அவளுக்கு நினைவிருப்பது ஒரு நாய் குரைத்தது, ஒரு கிழவர் குடையைப் பிடித்தபடி அவளுக்கு மேல் குனிந்து தெரியாத மொழியில் ஆறுதல் சொன்னது. கன்ன எலும்பு, கழுத்தெலும்பு, கண்குழி. மூன்று மாதத்தில் எலும்புகள் கூடின. கண்ணும் கூடிவிடும் என்றுதான் இருந்தாள். அணி மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டினார், கடைசி வரி வரைக்கும் வாசித்தாள், அருமை என்றார். பலகை நேரேதானே இருக்கிறது. அதற்குப் பிறகு ஒருநாள் கார் தரிப்பிடத்தில் இடது பக்கம் வந்த தள்ளுவண்டியில் மோதினாள், வண்டிக்குள் குழந்தை. குழந்தைக்கு ஒன்றுமில்லை, அது சிரித்தது. அடுத்த நாள் ஒருவருக்கும் சொல்லாமல் நகரின் மறுகோடியில் ஒரு கண் மருத்துவரிடம் போனாள். பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் அவள் அழுத்தவே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று நினைத்தாள், கருவி. அந்த மருத்துவர் நிதானமாகச் சொன்னார், இடது ஓரம் போனது போனதுதான், இனித் திரும்பாது, கவனமாக இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குத் தடையில்லை. நீங்கள் என்ன வேலை? "பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன்" என்றாள் தாரிணி. பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. என்ன பாடம் என்றுகூட அவர் கேட்டார், பூகோளம் என்றாள்.

ஹோலி உருளையை நிறுத்தி இறங்கினாள், துவாயால் கழுத்தைத் துடைத்தாள், மறுபடி ஏறினாள். ஐந்தாவது ஆள். நான்கு பேர்தான் ஓடுவார்கள், ஐந்தாவது ஆள் அதே உடுப்புப் போட்டு, அதே அளவு சூடாகி, அதே மாதிரி பயந்து, பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வேண்டும். தாரிணிக்கு அந்தக் கதிரை தெரியும். ஒலிம்பிக்கில் நாலு நாள் அதில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது அப்போது. ஊரில் எல்லாருக்கும் அவள் ஒலிம்பிக் போனவள்; அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் படம் வெட்டி ஒட்டியிருந்தார்கள்; மெல்பேர்ணின் டான்டினோங் கோயிலில் அவளுக்கு ஒரு சால்வை போட்டார்கள். ஒரு மீட்டர் கூட ஓடவில்லை என்பதை யாரிடம் சொல்வது, சொன்னால் அவர்களுக்குத்தான் கவலை. அடுத்த ஒலிம்பிக்குக்கு இரண்டு வருடம் முந்திப் பெல்ஜியம். இப்போது முப்பத்தொன்று. இன்றைக்கு ஓடும் நான்கு பேர்தான் அடுத்த மாதம் உலகப் போட்டிக்கு, உலகப் போட்டியில் நின்றால் அதற்கு மேல் இந்த வருட ஒலிம்பிக். முப்பத்தைந்தில் யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. பன்னிரண்டு வயதில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சீமெந்துத் தடத்தில், வாடகைச் சைக்கிளில், முதல் தடவை வளைவின் மேலேறியபோது விழுந்துவிடுவோம் என்று நினைத்தாள், விழவில்லை, வேகம் அவளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. வேகமாய்ப் போனால் விழமாட்டாய், மெதுவாகினால்தான் விழுவாய். பத்தொன்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது. அம்மா மேலே பார்வையாளர் பகுதியில் இருக்கிறா. புனிதவதி, ஐம்பத்தொன்பது வயது, நேற்று மெல்பேர்ணிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறா, ஒரு டப்பா மீன் கட்லட்டோடு. அப்பா கனடாவில் வேறு குடும்பம் என்று போன பிறகு அம்மா இரண்டு வேலை செய்தா. ஆனாலும் மகள் ஓடுவதை இதுவரை மூன்று முறைதான் நேரில் பார்த்தவ, பார்க்க ஏலாது, நெஞ்சு அடைக்குது என்பா. இன்றைக்கு ஏன் வந்தா? யாரும் கூப்பிடவில்லையே.

பத்து நாற்பத்திரண்டு. பிரெண்டன் வந்து அவளுடைய முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். குந்தியது வலது பக்கம், நல்லவேளை. "கால் எப்படி?" "நல்லா இருக்கு." "கடைசி நீள இழுவை உனக்கு. மூன்று சுற்று முன்னால் நில், பிறகு ஒதுங்கி இறங்கு." "சரி." அவர் குரலைத் தாழ்த்தினார். "இறங்கும்போது மார்னியைக் கவனி. அவளை இன்று ஓடவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் மறுபடி ஆடினால் கத்து. இந்த நாலு பேரில் உன் கண்ணைத்தான் நான் நம்புகிறேன்." தாரிணி வாழைப்பழத் தோலைப் பார்த்தபடி தலையாட்டினாள். அவர் எழுந்து போனார். அவருக்குத் தெரிந்துவிட்டதோ, தெரிந்துதான் இப்படிச் சொல்கிறாரோ, இல்லை, பிரெண்டனுக்கு அப்படிச் சுற்றிவளைத்துப் பேச வராது, நம்புகிறேன் என்றால் நம்புகிறார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு எண்ணினால்? நாலு எண்ணிவிட்டு இறங்கினால் மார்னி நிச்சயம் கடந்திருப்பாள். ஆனால் நாலு எண்ணும்போது இடைவெளி விழும், இடைவெளி விழுந்தால் அதைப் பிடிக்கக் கால் வேண்டும், பதின்மூன்றாவது சுற்றில் காலில் என்ன மிச்சமிருக்கும். மூன்றரை. யாராவது மூன்றரை எண்ண முடியுமா, நெஞ்சு நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு தடவை அடிக்கும்போது. நாலு தடவை இறங்க வேண்டும், மொத்தம் நாலே நாலு தடவை, ஒன்றரை வருடமாக எத்தனை நூறு தடவை இறங்கியாயிற்று, ஒரு தடவைதானே பிழைத்தது. ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் விழவில்லை. "டேரி." மார்னி. இடது பக்கம், இல்லாத இடத்திலிருந்து குரல் வந்தது. திரும்பக் கூடாது, உருளையில் திரும்பினால் விழுவாள். "என்ன?" "இன்று நான் உனக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுகிறேன். நீ இறங்கும்போது. நீலப் பட்டையை ஒட்டியே போகிறேன், செவ்வாய்க்கிழமை போல உன் வழியில் நிற்கமாட்டேன்." அவளுடைய உருளை கீச்சிட்டது. "பிரெண்டனிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நன்றி. நாலு நாளாக நான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கே மெதுவானேன் என்று எனக்கே தெரியவில்லை."

தெரியாது. எப்படித் தெரியும். இல்லாத பிழையை அந்தப் பெண் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு இடம் விட்டு, பட்டையை ஒட்டி, பயந்து பயந்து ஓடுவாள்; பயந்து ஓடுகிறவள்தான் விழுவாள்; விழுந்தால் பின்னால் வருகிறவளும் விழுவாள்; எல்லோரும் மார்னி என்பார்கள், வீடியோவைப் பார்த்து மார்னி என்பார்கள், மார்னியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு ஆம் நான்தான் என்பாள். பெல்ஜியத்தில் முதலில் வழுக்கியது யார் என்று தாரிணிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெயரை எத்தனை தடவை சொல்லித் திட்டியிருப்பாள். பத்து ஐம்பது. சொல்வதென்றால் ஓட்டம் முடிந்து சொல்லலாம். ஓடி முடித்து, நேரம் வந்து, தெரிவான பிறகு, ஆறுதலாக, ஒரு நல்ல நாள் பார்த்து. அந்த நல்ல நாளைத்தான் இருபது மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை மட்டும். போன தடவையும் இந்தத் தடவை மட்டும்தான். கால்கள் தன்பாட்டில் மிதித்தன, நல்ல கால்கள், இவ்வளவு நல்லாக அவை வருடக்கணக்கில் இருந்ததில்லை, அதுதான் தாங்க முடியாமலிருந்தது; கால் ஓய்ந்திருந்தால், முழங்கால் தேய்ந்திருந்தால், கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம். பூகோளம் என்றாளே அந்த மருத்துவரிடம். என்ன மாதிரி ஆள் அப்படிச் சொல்வாள்? "மார்னி" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பினாள். தெரிந்தே திரும்பினாள், சைக்கிள் உருளையிலிருந்து வழுக்கியது, ஒரு காலை ஊன்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் மார்னி தெரிந்தாள், முழுசாக, கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், உதட்டோரம் கடித்த புண். "நீ மெதுவாகவில்லை. நான்தான் முந்தி இறங்கினேன். எனக்கு இடது பக்கம் தெரியாது. உன்னை நான் பார்க்கவே இல்லை." மார்னி மிதிப்பதை நிறுத்தவில்லை. நேரே பார்த்தபடி நாலைந்து சுற்று மிதித்தாள். பிறகு, "எப்போதிருந்து?" என்றாள். "பெல்ஜியத்திலிருந்து." மார்னியின் உருளை மெல்ல மெல்ல ஓய்ந்து கீச்சென்று நின்றது. "நான் வீட்டுக்குப் போன் பண்ணி, இதை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னேன். புதன்கிழமை. உனக்குத் தெரியுமா?" தாரிணி சைக்கிளைக் கம்பியில் சாய்த்தாள். "போய் அவரிடம் சொல்" என்றாள் மார்னி. "நீ சொல்கிறாயா, நான் சொல்லவா?"

பிரெண்டன் கேட்டுக்கொண்டிருந்தபோது கையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தியிருக்க வேண்டும், அது ஓடிக்கொண்டிருந்தது, அவர் கவனிக்கவில்லை. கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால் நன்றாயிருக்கும். "இருபது மாதம்" என்றார். "இந்தப் பிள்ளைகளை உன் பின்னால் நான் அனுப்பினேன்." அவ்வளவுதான். பிறகு அவளைத் தாண்டிப் பார்த்து, "ஹோலி! தலைக்கவசம் போடு. இரண்டாவது இடம். மார்னி, கடைசி இழுவை உனக்கு" என்றார். ஹோலியின் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது, பிறகு அதற்காக வெட்கம். பத்து ஐம்பத்தாறு. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கதிரை காலியாக இருந்தது. அதில் அவள் உட்காரவில்லை. சப்பாத்தின் இரும்பு படிகளில் டக் டக்கென்று அடிக்க மேலே ஏறினாள், ஒவ்வொரு படியிலும் கால் எவ்வளவு இலேசாக இருக்கிறது என்று தெரிந்தது.

அம்மா கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தா. "இதென்ன பிள்ளை, உன்ர ஓட்டம் இப்பவெல்லோ?" "நான் ஓடேல்லை அம்மா." "ஏன்? விழுந்தனியோ?" "இல்லை. இறங்கிட்டன்." அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தா, இரத்தம் தேடுகிற பார்வை. கீழே நான்கு பேரும் கோட்டில் நின்றார்கள். மணி ஒலிக்க, புறப்பட்டார்கள். மேலிருந்து இதை அவள் பார்த்ததே இல்லை. இவ்வளவு சத்தமா போடும் மரப்பலகை? ஹோலி முதல் தடவை இறங்கினாள், தாரிணியின் வாய் தானாக ஒன்று, இரண்டு, மூன்று என்றது, ஹோலி எண்ணவில்லை, பார்த்து இறங்கினாள், பார்க்கிறவளுக்கு எண்ணத் தேவையில்லை. எட்டாவது சுற்று. பத்தாவது. மார்னி முன்னால் வந்தபோது நேரம் அரை வினாடி பின்தங்கியிருந்தது. மூன்று சுற்று அவள் முன்னால் நின்றாள், தோள் ஆட ஆட நின்றாள், பிறகு வளைவில் ஏறி ஒதுங்கினாள். இறங்கும்போது ஒரு கணம், ஒரே கணம், தயங்கினாள். மார்னி இறங்கி ஒட்டிக்கொண்டாள். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. நல்ல நேரம். மிக நல்ல நேரமென்று சொல்ல முடியாது, தான் இருந்திருந்தால் இன்னும் ஒரு வினாடி குறைந்திருக்கும் என்று தாரிணியின் கால்கள் சொல்லின, அது உண்மையாகவும் இருக்கலாம். கீழே ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். மார்னி மேலே பார்க்கவில்லை.

அப்போதுதான் அம்மாவிடம் சொன்னாள், கண்ணைப் பற்றி, கீழே பார்த்தபடியே, வரிசையில்லாமல், தள்ளுவண்டிக் குழந்தை வரைக்கும். அம்மா அவளுடைய இடது பக்கத்தில் இருந்தா. அழுகிறாவா என்று தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. பிறகு கைப்பை மூடும் சத்தம். "நேர பார்" என்றா அம்மா. "திரும்பாதை. இப்ப என்ர விரல் தெரியுதோ?" "இல்லை." "இப்ப?" "இல்லையம்மா." "இப்ப?" கீழே அடுத்த அணியைக் கூப்பிட்டார்கள். "இல்லை." "இப்ப?" காற்றில் எங்கோ ஒரு கை மெல்ல மெல்ல முன்னால் வந்துகொண்டிருந்தது, மருந்தும் மீன் கட்லட்டும் மணக்கிற கை, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. "இப்ப?" தாரிணி நேரே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். "ஓம்" என்றாள். "இப்ப."